பெங்களூர்: கேட்கப் பழகும் நகரம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு பெங்களூரின் இந்திராநகர், கோரமங்களா, ஜெயநகர் பக்கம் ஏதாவது ஒரு ஜப்பானிய மொழி வகுப்பின் வாசலில் நின்றால், இருபது பேர் ஒரே குரலில் யாரையோ காத்திருக்கச் சொல்வது கேட்கும். "ச்சொத்தோ மத்தே குதஸாய்." கொஞ்சம் பொறுங்கள். பொறுக்க வேண்டிய ஆள் அறையில் யாரும் இல்லை. சொல்கிறவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர்காரர்கள். மீதியில் நர்சிங் முடித்த பெண்கள், டிப்ளமோ படித்த பையன்கள், ஜப்பானிய கார்ட்டூன் பார்த்துப் பார்த்தே மொழியில் மயங்கிய கல்லூரி மாணவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் நிச்சயம் இருப்பார்கள். எல்லோர் மடியிலும் அநேகமாக ஒரே புத்தகம்: 'மின்னா நோ நிஹோங்கோ'. எல்லோருக்குமான ஜப்பானிய மொழி என்று பொருள். 1998-ல் வெளிவந்த இந்தப் பாடநூலின் 14-வது பாடத்தில்தான் மாணவன் முதன்முதலாக இன்னொருவரை ஒரு காரியம் செய்யச் சொல்லக் கற்கிறான். நில்லுங்கள், எழுதுங்கள், காட்டுங்கள், உப்பை எடுங்கள்.

ஜப்பான் மீது இந்த ஊருக்கு இருக்கும் பிரியம் திடீரென்று வந்ததல்ல. 1961-ல் எச்.எம்.டி. ஜாலஹள்ளியில் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியபோது தொழில்நுட்பம் தந்தது ஜப்பானின் சிட்டிசன் நிறுவனம். மாப்பிள்ளைக்கு மாமனார் கட்டிவிட்ட அந்த வாட்ச்சுகளின் காலம் முடிந்து, 2016-ல் கடிகாரப் பிரிவை மூட அரசு முடிவு செய்தது. ஜாலஹள்ளியில் இப்போது இருப்பது அருங்காட்சியகம். 1997-ல் டொயோட்டா கிர்லோஸ்கர் உருவாகி, 1999 டிசம்பரில் மைசூர் சாலையில் உள்ள பிடதியில் குவாலிஸ் உற்பத்தி தொடங்கியது. மெட்ரோ ரயிலின் முதல் கட்டத்துக்கு வந்த கடனில் ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தின் பணமும் உண்டு. 2005 முதல் 'ஜப்பான் ஹப்ப' என்றொரு விழா நடக்கிறது. ஹப்ப என்றால் கன்னடத்தில் பண்டிகை.

சமீப காலத்தில் இதில் ஒரு புதிய அவசரம் சேர்ந்திருக்கிறது. ஜப்பானில் கிழவர்கள் பெருகி, கவனிக்க ஆளில்லை. 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, முதியோர் பராமரிப்பு உள்ளிட்ட தொழில்களுக்கு இந்தியர்கள் போகலாம். தொழில் தேர்வோடு மொழித் தேர்விலும் தேற வேண்டும். 2025 ஆகஸ்டில் பிரதமர் மோடி டோக்கியோ போனபோது, ஐந்தாண்டுகளில் 50,000 திறன் பெற்ற இந்தியர்களை ஜப்பானுக்கு அனுப்புவது என்று இலக்கு வைத்தார்கள். ஆக, 14-வது பாடத்தில் கற்கும் அந்தச் சின்ன வாக்கியம் சிலருக்குப் பொழுதுபோக்கு, சிலருக்குப் பிழைப்பு. பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு அதைச் சரியாகச் சொல்வது அவசியம். தப்பாகக் கேட்டால் காரியம் கெடும் என்பது மட்டுமல்ல, மரியாதை தெரியாத ஆள் என்ற பெயரும் வரும்.

ஆங்கிலத்தில் இந்தப் பிரச்னையைச் சுலபமாகத் தீர்த்துவிட்டார்கள். 'ப்ளீஸ்' என்று ஒரு சொல்லை முன்னால் ஒட்டினால் கட்டளை வேண்டுகோளாகிவிடும். நம் பாடப்புத்தகங்கள் அதற்கு 'தயவு செய்து' என்று சொல்லிக்கொடுத்தன. அதை யார் எங்கே சொல்கிறார்கள்? பஸ்ஸின் அறிவிப்புப் பலகை சொல்லும். பெற்ற தாயிடம் "தயவு செய்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்" என்று ஒருவன் சொன்னால், வீட்டில் ஏதோ சண்டை என்று அர்த்தம். கன்னடத்திலும் இதே கதைதான். 'தயவிட்டு' என்ற சொல்லைப் பலகைகளிலும் மெட்ரோ ரயிலின் ஒலிபெருக்கியிலும் நிறையக் கேட்கலாம். காய்கறிக் கடையில் கேட்க முடியாது.

நம் மொழிகளில் பணிவு வாக்கியத்தின் தலையில் இல்லை, வாலில் இருக்கிறது. கொடு, கொடுங்க, கொடுங்களேன், கொடுத்தா நல்லாயிருக்கும். வினைச்சொல்லின் கடைசி அசையைப் பார்த்தால் கேட்கிறவர் யார், கேட்கப்படுகிறவர் யார், இருவருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஜப்பானிய மொழியும் அப்படித்தான். அதனால் இந்தப் பாடம் ஆங்கிலத்தில் யோசிக்கிறவனுக்குப் புதிராகவும், தமிழில் யோசிக்கிறவனுக்குப் பழகிய தெருவாகவும் இருக்கிறது. சோகம் என்னவென்றால், வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடப்பதால், தமிழ்ப் பையனும் அதை ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிவந்தே பிடிக்கிறான்.

'குதஸாய்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில வழிப் புத்தகங்கள் அதற்கு 'ப்ளீஸ்' என்று பொருள் போடும். உண்மையில் அது ஒரு வினைச்சொல். குதஸாரு என்றால் தருதல். அதுவும் எப்படிப்பட்ட தருதல்? அதை எழுதும் சித்திர எழுத்துக்குக் கீழ் என்று பொருள். மேலே இருப்பவர் கீழே இருப்பவனுக்குத் தருவது. நமக்கு அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: அருளுதல். 'மிஸு ஓ குதஸாய்' என்றால் தண்ணீரை அருளுங்கள். 'மத்தே குதஸாய்' என்றால் பொறுத்து அருளுங்கள். பொறுத்தருள்க, எழுந்தருள்க என்று கோயிலிலும் அழைப்பிதழிலும் நாம் சொல்லும் அதே கட்டுமானம் டோக்கியோவில் ரயில் நிலையத்திலும் ரொட்டிக் கடையிலும் தினமும் புழங்குகிறது. அங்கே தேய்ந்து சாதாரணமாகிவிட்டது, அவ்வளவுதான்.

'மத்தே' என்பது நம் இலக்கண வாத்தியார்கள் வினையெச்சம் என்று சொல்வார்களே, அது. செய்து, போய், வந்து. ஜப்பானிய ஆசிரியர்கள் இதை 'தே' வடிவம் என்பார்கள். மாணவர்களை முதலில் அழவைப்பது இதுதான். யோமு (படி) யோந்தே ஆகும், காக்கு (எழுது) காய்த்தே ஆகும், மாத்ஸு (பொறு) மத்தே ஆகும். இதை மனப்பாடம் செய்ய உலகெங்கும் வகுப்புகளில் ராகம் போட்டுப் பாடுகிறார்கள். வா வந்து ஆவதும், நில் நின்று ஆவதும், கேள் கேட்டு ஆவதும், எழுது எழுதி ஆவதும் எந்த விதியில் என்று யாரும் சொல்லித்தராமலே பேசிக்கொண்டிருக்கும் தமிழன் இதற்குப் பயப்படுவதில் நியாயமில்லை.

சுவாரஸ்யம் இதற்கு அப்புறம்தான். இந்த எச்சத்துடன் இன்னொரு வினையைச் சேர்த்தால் என்ன கிடைக்கிறது? ஜப்பானிய மொழியில் மிரு என்றால் பார். 'தபெத்தே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். கண்ணால் பார்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, முயன்று பார் என்றுதான் அர்த்தம், தமிழில் போலவே. ஒக்கு என்றால் வை. 'கத்தே ஒக்கு' என்றால் வாங்கி வை. பின்னால் உதவும் என்று இப்போதே செய்வது. 'தபெத்தே ஷிமவு' என்றால் சாப்பிட்டு விடு. குரு என்றால் வா. 'மொத்தே குரு' என்றால் கொண்டு வா. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி விளக்கம் தேவைப்படும் இந்த இடங்களில் தமிழுக்குச் சொல்லுக்குச் சொல் போதும். கன்னடத்துக்கும் போதும்: திந்து நோடி என்றால் சாப்பிட்டுப் பாருங்கள். ஹேளிகொடி என்றால் சொல்லிக்கொடுங்கள்.

இந்த ஒற்றுமையைப் பார்த்து மயங்கியவர்களில் பெரியவர் ஸுஸுமு ஓனோ (1919-2008). ஜப்பானியப் பழந்தமிழ்... இல்லை, பழைய ஜப்பானிய இலக்கியத்தில் கரைகண்ட அறிஞர். தமிழிலிருந்தே ஜப்பானிய மொழிக்கு உறவு வந்தது என்று பல்லாண்டு எழுதினார். நம் பொங்கலையும் அவர்கள் நாட்டின் தை மாதச் சடங்குகளையும்கூட ஒப்பிட்டார். தமிழ்நாட்டில் பொற்கோவும் யாழ்ப்பாணத்தில் சண்முகதாஸ் தம்பதியும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். தமிழர்களுக்கு இது தேனாக இனித்தது. ஜப்பானிய மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு பின்னால் ஒட்டுவதும் கொரிய, துருக்கி, மங்கோலிய மொழிகளிலும் உண்டு என்பது அவர்கள் பக்கத்து நியாயம். வகுப்பில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த வழக்கின் தீர்ப்பு தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரர் உறவுக்காரராக இருந்தால்தான் சர்க்கரை கடன் வாங்க வேண்டும் என்றில்லை.

ஆனால் பழகிய தெரு என்று நம்பி வேகமாக நடக்கிறவன் இடறும் இடமும் இதே 'குதஸாய்'தான். புத்தகத்தில் வேண்டுகோள் என்று போட்டிருக்கிறது. அருளுங்கள் என்று வேறு பொருள். இதைவிடப் பணிவு வேண்டுமா என்று தோன்றும். பெங்களூர் அலுவலகத்துக்கு வந்திருக்கும் ஜப்பானிய மேலதிகாரியிடம் காகிதத்தை நீட்டி, முத்திரை குத்தும் வினையோடு 'குதஸாய்' சேர்த்துச் சொல்வான். அவர் முகம் மாறாது. அவர்கள் முகம் எளிதில் மாறாது. ஆனால் அவர் காதில் விழுவது, "முத்திரை போடுங்கள்" என்ற மரியாதையான உத்தரவு. ஆசிரியர் மாணவனுக்கு, மருத்துவர் நோயாளிக்கு, அறிவிப்பாளர் பயணிக்குச் சொல்ல ஏற்ற வாக்கியம் அது. கேட்கப்படுகிறவர் மறுக்க அதில் வழியே இல்லை. மறுக்க இடம் விடாத வேண்டுகோள் உத்தரவுதானே?

இதைச் சரிசெய்யும் வாக்கியம் அதே புத்தகத்தில் 26-வது பாடத்தில் வருகிறது. முதல் பாகம் 25 பாடத்தோடு முடிந்துவிடும். இரண்டாம் பாகத்துக்குப் போகாதவர்களுக்கு அது கிடைப்பதில்லை. 'ஷித்தே இத்ததக்கெமஸென் கா.' இத்ததாக்கு என்றால் பெறுதல், பணிந்து பெறுதல். அதன் பழைய பொருள் தலைக்கு மேல் வைத்துக்கொள்வது. சிரமேற்கொள்ளுதல் என்று நாம் சொல்வது அதைத்தான். ஆக வாக்கியத்தின் முழுப் பொருள்: நீங்கள் செய்வதைத் தலைமேல் ஏற்கும் பேறு எனக்குக் கிடைக்காதா? இதில் மூன்று நுட்பங்கள் இருக்கின்றன. 'நீங்கள் தாருங்கள்' என்பது 'நான் பெற' என்று புரண்டுவிட்டது. உத்தரவு கேள்வியாகிவிட்டது. கேள்வியும் எதிர்மறையாகிவிட்டது, 'இல்லை' என்று சொல்ல நினைப்பவருக்கு அந்தச் சொல்லை நாமே எடுத்துக் கொடுப்பது போல. ஜப்பானியர்கள் சாப்பிடும் முன் கைகூப்பிச் சொல்லும் 'இத்ததக்கிமாஸ்' இதே வினைதான்.

நம்மிடம் இப்படி இருந்ததில்லையா? தொல்காப்பியம் திறந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஒருவரிடம் ஒன்றைக் கேட்பதற்கு ஈ, தா, கொடு என்று மூன்று சொற்களைச் சொல்லி, யார் எதைச் சொல்வது என்றும் அது வரையறுக்கிறது. தாழ்ந்தவன் உயர்ந்தவரிடம் 'ஈ' என்பான். சமமானவன் 'தா' என்பான். உயர்ந்தவன் 'கொடு' என்பான். அதோடு நிற்கவில்லை. தா என்பது என்னிடமோ உன்னிடமோ வருவதற்கு, கொடு என்பது வேறு யாருக்கோ போவதற்கு என்று இன்னொரு பிரிவினையும் உண்டு. அப்படியானால் உயர்ந்தவன் தனக்கே கேட்கும்போது எப்படிக் 'கொடு' என்கிறான்? தன்னை வேறொருவன் போல வைத்துப் பேசுகிறான் என்று விளக்கமும் தந்திருக்கிறது. எசமானர்கள் தங்களுக்கென்று வாய்விட்டுக் கேட்பதில்லை என்பதை அந்தப் புலவர் எங்கோ கவனித்திருக்கிறார்.

ஜப்பானிய மொழி இந்த இரண்டாவது பிரிவினையை இன்றும் கறாராக வைத்திருக்கிறது. எனக்கு ஒருவர் தந்தால் குரெரு, நான் ஒருவருக்குக் கொடுத்தால் அகெரு. 24-வது பாடம் முழுக்க இதுதான். இரண்டையும் மாற்றிப் போட்டால் யார் யாருக்கு உபகாரம் செய்தார் என்பதே தலைகீழாகிவிடும். மலையாளிகள் தருக, கொடுக்குக என்று இன்னும் பிரித்துத்தான் பேசுகிறார்கள். தமிழ்தான் கலந்துவிட்டது. "எனக்குக் கொடு" என்று சொல்ல யாரும் தயங்குவதில்லை. வகுப்பில் கேரளத்துப் பெண்கள் 24-வது பாடத்தில் நம் பையன்களை முந்தினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இன்னொரு சொல்லையும் சொல்லிவிட வேண்டும். ஓட்டலில், டாக்ஸியில், தொலைபேசியில், கூட்டத்தின் முடிவில் என்று எங்கும் கேட்கும் 'ஒனெகாய் ஷிமாஸ்'. நெகாவு என்றால் வேண்டுதல். 'வேண்டிக்கொள்கிறேன்' என்று அச்சு அசலாகப் பெயர்க்கலாம். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் வேண்டுதலை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்பதால், மொழி தெரியாதவனுக்கு இது ஆபத்பாந்தவன்.

இனி 'ச்சொத்தோ'. கொஞ்சம் என்று பொருள். பெங்களூரில் இதைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் சிரமப்பட வேண்டியதில்லை, ஏனென்றால் இந்த நகரமே ஒரு 'கொஞ்ச'த்தின் மேல் நடக்கிறது. மூன்று பேர் இருக்கையில் நான்காவது ஆளாக நுழையும்போது "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்பார்கள். தண்ணீர் லாரி தாமதமானால், வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தினால், வெட்டிப்போட்ட சாலையில் மூன்று மாதமாகக் குழி மூடாவிட்டால், எல்லாவற்றுக்கும் அதுதான். கேட்பது கொஞ்சமே அல்ல. கொஞ்சம் என்று சொல்வதால் கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் மானம் தப்புகிறது. "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று சொல்லும்போது நாம் எத்தனை அங்குலம் என்றா அளக்கிறோம்?

ஆனால் ஜப்பானிய 'ச்சொத்தோ'வுக்கு இன்னொரு முகம் உண்டு. வெள்ளிக்கிழமை வர முடியுமா என்று கேட்டால், "வெள்ளிக்கிழமை கொஞ்சம்..." என்று இழுத்து நிறுத்திவிடுவார்கள். அது மறுப்பு. வாக்கியம் முடியாது, முடியக் கூடாது. 'கொஞ்சம் கஷ்டம்' என்றால் நடக்காது என்று அர்த்தம். 'ஆராய்ந்து பார்க்கிறோம்' என்றாலும் அநேகமாக அதுவே. கல்யாணத் தரகரிடம் "பார்க்கலாம்" என்று சொல்லும் நமக்கு இது புரியாமல் போகக் காரணமில்லை. ஆனால் பெங்களூரின் கம்ப்யூட்டர் நிறுவனங்களில் இது இன்றும் தகராறு. அங்கிருந்து 'கொஞ்சம் கஷ்டம்' என்று வந்தால், கொஞ்சம்தானே என்று இங்கே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். இங்கிருந்து 'நோ ப்ராப்ளம்' என்று போனால், அங்கே எழுத்துப்பூர்வமான உறுதி என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆறு வாரம் கழித்துத்தான் தெரியும் ஒருவர் மறுத்திருக்கிறார், மற்றவர் சம்மதித்திருக்கிறார் என்று.

பிடதியைப் பெங்களூர்வாசிகள் தட்டு இட்லிக்காக அறிவார்கள். மைசூர் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, தட்டளவு அகலமான அந்த இட்லியில் வெண்ணெய் உருகுவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். அதே ஊரில்தான் டொயோட்டா ஆலையும் 2007-ல் தொடங்கிய அதன் தொழிற்பயிற்சிப் பள்ளியும் இருக்கின்றன. கர்நாடகக் கிராமங்களின் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். டொயோட்டாவின் உற்பத்தி முறையில் 'அந்தோன்' என்றொரு ஏற்பாடு உண்டு. வரிசையில் வேலை செய்யும் தொழிலாளிக்கு ஏதாவது கோளாறு தென்பட்டால் கயிற்றை இழுக்கலாம், அல்லது பொத்தானை அழுத்தலாம். விளக்கு எரியும், மேற்பார்வையாளர் வருவார், சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும். யாருக்கும் குனிய வேண்டாம். மரியாதைச் சொற்களை இத்தனை அடுக்காக அடுக்கிவைத்த ஒரு சமுதாயம், அவசரத்துக்கு உதவி கேட்பதைச் சொற்களிலிருந்தே விடுவித்திருப்பது எனக்கு மொழிப் பாடத்தைவிடப் பெரிய பாடமாகப் படுகிறது. சம்பளம், வேலைப் பளு என்று வந்தால் கதை வேறு. 2006 ஜனவரியிலும் 2020 நவம்பரிலும் பிடதியில் வேலைநிறுத்தமும் கதவடைப்பும் வந்தபோது பேசப்பட்டது கோரிக்கை. வேண்டுகோளுக்கும் கோரிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த மொழியிலும் தொழிற்சங்கத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பராமரிப்பு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஆலையின் கயிறு கிடையாது. அவர்கள் கேட்க வேண்டியது இன்னொருவரின் உடம்பை. கையைத் தூக்குங்கள், திரும்பிப் படுங்கள், வாயைத் திறங்கள். ஒரு நாளைக்கு நூறு முறை. இங்கே 'குதஸாய்' சரியானதுதான், ஆனால் அது மட்டுமே போதாது. 'ஷித்தே மோ ஈ தெஸ் கா' என்று ஒரு கேள்வியைக் கற்றுத் தருகிறார்கள். செய்தாலும் பரவாயில்லையா? போர்வையை எடுக்கும் முன், சட்டைப் பொத்தானைக் கழற்றும் முன், விளக்கை அணைக்கும் முன் கேட்க வேண்டியது. எண்பத்தைந்து வயதில், எழுந்து நடக்க முடியாத ஒருவருக்கு மிச்சமிருக்கும் அதிகாரம், வேண்டாம் என்று சொல்வதுதான். நம் ஊர் நர்சுகள் "பாட்டி, கொஞ்சம் திரும்பிப் படுங்க" என்பார்கள். அந்தப் பாட்டியில் பாசமும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. ஜப்பானிய முதியோர் இல்லத்தில் பாட்டி என்று கூப்பிடுவதை மரியாதையாகக் கொள்வதில்லை, குடும்பப் பெயரோடு 'ஸான்' சேர்க்க வேண்டும். உறவு முறை சொல்லாமல் வயதானவர்களோடு பேசுவது தமிழ்ப் பெண்களுக்கு இலக்கணத்தைவிடக் கடினமாக இருக்கும்.

வகுப்பு முடிந்து இவர்கள் தெருவுக்கு இறங்குகிறார்கள். ஆட்டோ நிற்கிறது. இரண்டு வருடமாக இந்த ஊரில் இருக்கும் ஒரு தமிழ் இளைஞன், தலைமேல் ஏற்கும் பேறு கிடைக்காதா என்று ஜப்பானிய மொழியில் கேட்கக் கற்றவன், ஆட்டோக்காரரிடம் கன்னடம் என்று நினைத்து, "சில்லறை கொடு" என்கிறான். கொடு என்பது இரண்டு மொழிக்கும் பொதுச் சொல். அங்கேதான் வம்பு. கன்னடத்தில் கொடு என்றால் சின்னப் பையனிடம் சொல்வது. மரியாதைக்குக் 'கொடி' என்று சொல்ல வேண்டும். ஹோகு என்றால் போ, ஹோகி என்றால் போங்கள். மாடு என்றால் செய், மாடி என்றால் செய்யுங்கள். உகரத்துக்கு இகரம், அவ்வளவுதான். தமிழ்க் காதுக்கு ஒன்று பசுவாகவும் ஒன்று மெத்தை வீடாகவும் கேட்பதால் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். தொல்காப்பியத்தில் உயர்ந்தவன் சொல்லும் 'கொடு', பெங்களூர் ஆட்டோவில் கிட்டத்தட்ட அதே தோரணையில்தான் போய் விழுகிறது. தெரியாமல் சொன்னது என்று எல்லா நேரத்திலும் எல்லோரும் எடுத்துக்கொள்வதில்லை.

இந்த ஊரில் தமிழுக்கும் கன்னடத்துக்கும் நடுவே வெறும் இலக்கணம் மட்டும் இல்லை. 1800-களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் தண்டு அமைத்தபோது அதோடு வந்த தமிழர்களின் வாரிசுகள் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். 1991 டிசம்பரில் காவிரியின் பேரால் அவர்கள் அடி வாங்கினார்கள். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் எரிந்தன. அல்சூர் ஏரிக்கரையில் வைத்த திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடிக்கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ம் தேதி திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையைத் திறந்தார்கள். இரண்டு முதல்வர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு செய்த காரியம். ஒருவரிடம் கேட்பதைப் பற்றி 'இரவு' என்றும் 'இரவச்சம்' என்றும் இரண்டு அதிகாரம் எழுதியவர் அந்த வள்ளுவர் என்பது தற்செயல்தான். துணியால் மூடிய கண்ணோடு 18 வருடம் காத்திருந்ததை நினைத்தால் தற்செயல் கொஞ்சம் உறுத்தவும் செய்கிறது.

ஜப்பானிய மொழித் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை, ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. ஆரம்ப நிலையான ஐந்தாவது படியில் 'குதஸாய்' போதும். கன்னடத்துக்குத் தேர்வு கிடையாது, சான்றிதழும் யாரும் கேட்பதில்லை. வெளியூர்க்காரர்கள் முதலில் கற்பது 'கன்னட கொத்தில்லா', கன்னடம் தெரியாது. பேச்சை அங்கேயே முடித்துவைக்கும் வாக்கியம் அது. அதற்கு அடுத்ததாக ஒன்று உண்டு: 'ஸ்வல்ப ஸ்வல்ப பருத்தே', கொஞ்சம் கொஞ்சம் வரும். அல்சூர் பக்கம் அதைத் தட்டுத் தடுமாறிச் சொல்லி, 'கொடி'யும் 'ஹோகி'யும் சேர்த்து நாலு வார்த்தை முடிப்பதற்குள், ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்பார்: "எங்க போகணும் சார், சொல்லுங்க."